மச்சான் அலசிய வாஷிங் மெஷின்

மனித குலம் நெருப்பைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. சக்கரத்தையும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அந்த நெருப்புக்கு எத்தனை வருஷம் வாரண்டி, அந்தச் சக்கரத்துக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பிறந்த வீட்டில்தான் நான் பெண் எடுத்திருக்கிறேன். என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான்.

உறவுக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வாரண்டி'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அந்த மரியாதை இருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீஸில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. கார் மோதியவர், கடை எரிந்தவர், கூரை பறந்தவர் எல்லாரும் விண்ணப்பத்தோடு வந்து அவர் மேஜைக்கு எதிரே உட்காருவார்கள்.

"கூரை பறந்தது சரி. பறக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பிப்பார்.

"வீட்டுக்குள்ளதான் சார்."

"பக்கத்துலயே இருந்திருக்கீங்க. தடுக்க என்ன முயற்சி எடுத்தீங்க?"

பேச்சு முடிவதற்குள் வந்தவருக்கே தன் கூரைமேல் ஒரு சந்தேகம் வந்துவிடும். இப்படிப்பட்ட மூளையை ஆபீஸ் நேரத்தோடு நிறுத்திக்கொள்வது பொது நஷ்டம் என்பதால், மிச்ச நேரத்தை மச்சான் வீட்டு உபயோக மின்சாதனங்களுக்கு ஒதுக்கியிருந்தார். குடும்பத்தில் யார் மிக்ஸி வாங்கினாலும், ஃபேன் வாங்கினாலும், இஸ்திரிப் பெட்டி வாங்கினாலும் அவருடைய 'ஒப்புதல்' வேண்டும். அவர் சொல்லி வாங்கிய பொருள் நன்றாக ஓடினால் அது அவருடைய தேர்வு. ஓடாவிட்டால் அது நம்முடைய உபயோகம்.

"ஃபேன் நின்னுபோச்சு மச்சான்" என்று ஒருமுறை அவரிடம் போய்ச் சொன்னேன். நாடி பார்ப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"தினமும் போட்டீங்களா?"

"ஆமா."

"ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மிலேயே விசாரணை முடிந்துவிட்டது. ஃபேன் குற்றமற்றது.

அவர் வீட்டு வாஷிங் மெஷின் விவகாரத்தை ஆரம்பித்து வைத்தது அக்கா. அக்கா என்றால் மச்சானின் மனைவி. நான் அப்படித்தான் கூப்பிடுவது. நூலகத்தில் வேலை பார்ப்பவர். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத் துணி முழுவதையும் துவைத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தவர், "ஒரு வாஷிங் மெஷின் வாங்கினா என்னங்க" என்று கேட்டார். நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். வேறு புருஷனாக இருந்தால் அந்த வாரமே கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருப்பான். மச்சான் அவ்வளவு பொறுப்பற்றவர் இல்லை. ஆய்வைத் தொடங்கினார்.

"அலசணும் மாப்ள. எதையும் நல்லா அலசிட்டுத்தான் இறங்கணும்" என்றார் என்னிடம்.

ஆய்வு ஒரு வருஷம் நடந்தது. அந்த வருஷம் பூராவும் அந்த வீட்டில் இரண்டு பேர் அலசினார்கள். மச்சான் முன்னறையில், கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து அலசினார். அக்கா பின்பக்கம் குழாயடியில் குந்தியிருந்து அலசினார். இருவரில் யார் அதிகம் களைத்தார்கள் என்று சொல்வது கடினம். ஆனால் "அப்பாடா" என்று சத்தமாகச் சொல்லிச் சோம்பல் முறித்தவர் மச்சான்தான்.

நான் போகும்போதெல்லாம் ஆய்வின் முன்னேற்றத்தைக் காட்டுவார். ஏதோ ஒரு நாட்டுக்காரர் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குள் செங்கல்லைத் தூக்கிப் போடும் வீடியோ ஒன்று. மெஷின் குதிக்கும், முனகும், ஆனால் நிற்காது.

"செங்கல்லையே தாங்குது பாருங்க."

"நாம செங்கல்லா துவைக்கப் போறோம் மச்சான்?"

"துவைக்க மாட்டோம். ஆனா தாங்குமான்னு தெரிஞ்சு வச்சிக்கணும்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வாழ்க்கையில் எத்தனை பொருளைச் செங்கல் போட்டுப் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

கடைசியில் கடைக்குப் போகும் நாள் வந்தது. என்னையும் சாட்சிக்கு அழைத்துப் போனார். விற்பனையாளர் டை கட்டியிருந்தார். சிரித்த முகம். பாவம், அவருக்கு அன்று காலையில் யாரும் எச்சரிக்கை செய்யவில்லை.

"வாங்க சார். இது நல்லாப் போற மாடல்."

"எங்க போகுது?" என்றார் மச்சான்.

விற்பனையாளர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

"கண்ணை மூடிக்கிட்டு பத்து வருஷம் சார்."

"யார் கண்ணை?"

"இல்ல சார், அவ்வளவு நம்பி வாங்கலாம்னு சொன்னேன். பழுதே ஆகாது."

"பழுதே ஆகாதுன்னா வாரண்டி எதுக்குக் குடுக்கிறீங்க?"

"ஏதாவது ஆனா பாத்துக்கறதுக்குத்தான் சார்."

"அப்ப ஆகும்."

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கவில்லை. மெஷினில் துணி போடும் முன்னாலேயே மச்சான் ஒரு முழு மனிதரை நனைத்து, பிழிந்து, உதறிக் காயப்போட்டார் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பில் போடும்போது அந்த மனிதர் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே "நன்றி, மீண்டும் வராதீங்க" என்றார். நாக்குப் பிறழ்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. கம்பெனி ஆள் வந்து குழாயை இணைத்துவிட்டு, "ஒரு தடவை ஓட்டிக் காட்டட்டுமா?" என்றார். மச்சான் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். அந்த ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும், அக்கா ஒரு கை நிறையத் துணியோடு வந்து நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"போடலாமா?"

"என்ன அவசரம்?" என்றார் மச்சான்.

"துவைக்கத்தானே வாங்கினோம்?"

"அது சரி. இப்ப ஓட்டி, ஏதாவது ஆச்சுன்னு வை."

"வாரண்டி இருக்கே."

"இருக்கு. அவன் ஆளு வந்து ஒரு தடவை திறந்து கை வச்சிட்டான்னா அப்புறம் அது பழைய மெஷின். வாரண்டி முடியற வரைக்கும் ஒரு குறை இல்லாம இருக்கணும். அதுதான் நாம வாரண்டிக்குக் குடுக்கிற மரியாதை."

அக்கா கையில் இருந்த துணியைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போனார்.

மெஷினுக்கு முதலில் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டார் மச்சான். பிளாஸ்டிக்கில் கீறல் விழுமே என்று அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த துணி உறை. துணி உறையில் தூசி படியுமே என்று அதற்கும் மேலே ஒரு பெரிய துண்டு. தூசி படிந்தே தீரும் அல்லவா? மாதம் ஒருமுறை அக்கா அந்த உறையையும் துண்டையும் கழற்றி, மெஷினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து, கையால் துவைத்துக் காயப்போடுவார். வாஷிங் மெஷின் அழுக்காகாமல் இருக்க அந்த வீட்டில் எடுத்துக்கொண்ட அக்கறையை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

விருந்தாளிகள் வந்தால் மச்சான் உறையை நீக்கிக் காட்டுவார். "கிட்ட வந்து காதை வைங்க. சத்தம் வருதா?"

வராது.

"அதான் தரம்" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு நிலைமை இதற்கு நேர் எதிர். என் மனைவி ஒருநாள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், வீடு காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டுவிட்டாள். அது ஓடும்போது ரயில் வருகிற சத்தம் கேட்கும். பிழியும் கட்டத்தில் சுவரை விட்டுக் கிளம்பி, குதித்துக் குதித்துக் கதவு வரைக்கும் நடந்து வரும். அவள் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளித் திருப்பி அனுப்புவாள். மச்சான் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"இதையா வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?"

"துணி வெளுக்குது அண்ணா."

"வெளுக்கும்மா. வெளுக்கறது பெரிசில்ல. நம்பகம்னு ஒண்ணு இருக்கில்ல?"

பிறகு வாரண்டி முடிந்தது. அதற்காகவே காத்திருந்தவர் போல, மறுநாள் காலையில் அக்கா துணியோடு வந்து நின்றார். நான் அப்போது அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"வாரண்டி முடிஞ்சுது. இப்பவாவது போடலாமா?"

மச்சான் ஆடிப்போய்விட்டார். "வாரண்டி இல்லாத மெஷினையா? என்ன பேசற நீ? ஏதாவது ஆனா யார் வந்து பாப்பா?"

தர்க்க சாஸ்திரத்தில் இதற்குக் கட்டாயம் ஒரு பெயர் இருக்கும். வாரண்டி இருக்கும்போது ஓட்டக் கூடாது, வாரண்டி இருப்பதால். வாரண்டி போனபின் ஓட்டக் கூடாது, வாரண்டி போனதால். எந்தப் பக்கம் போனாலும் சுவர். நடுவில் பளபளவென்று மெஷின். நான் கைதட்டாமல் இருந்ததற்கு ஒரே காரணம், கையில் டம்ளர் இருந்ததுதான்.

அக்கா மறுபடி குழாயடிக்குப் போனார். வருஷங்கள் போயின. மெஷின் ஒரு குறையில்லாமல் இருந்தது.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், நனைந்த போர்வையை வாளியோடு தூக்கியிருக்கிறார் அக்கா. தரை ஈரம். கால் வழுக்கியது. பிடித்துக்கொள்ள மெஷின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முந்தின நாள்தான் உறையைத் துவைத்துப் போட்டதால், சோப்புக் கை பட்டுவிடுமே என்று கையை இழுத்துக்கொண்டாராம். இதை அவர் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நாங்களும் போனோம். மாவுக்கட்டுப் போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இந்தக் கையால எதையும் தூக்கக் கூடாது. துணி முறுக்கிப் பிழியற வேலையே கூடாது. பிரிச்ச பிறகும் ரொம்ப நாளைக்கு ஜாக்கிரதையா இருக்கணும். வீட்டுல வாஷிங் மெஷின் இருக்கா?"

"இருக்கு" என்றார் மச்சான். குரலில் பெருமிதம்.

"நல்லதாப் போச்சு."

"நல்ல மெஷின் டாக்டர். வாங்கின நாள்ல இருந்து ஒரு ரிப்பேர் கிடையாது."

"அப்படியா? எந்தக் கம்பெனி?" என்று கேட்டு டாக்டர் தன் மருந்துச் சீட்டிலேயே குறித்துக்கொண்டார். அக்கா கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மச்சான் வீட்டு முன்னறையில் ஆலோசனைக் கூட்டம். அக்கா சாய்வு நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் நின்றுகொண்டு பேசினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவருக்கு மனைவிமேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"இவ கஷ்டப்படறதை என்னால பாக்க முடியல மாப்ள. அதனால ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"புதுசா ஒரு மெஷின் வாங்கிடலாம். வாரண்டியோட. நாளையில இருந்து ஆய்வைத் தொடங்கறேன்."

"எவ்வளவு நாள் ஆகும் அண்ணா?" என்றாள் என் மனைவி.

"இந்தத் தடவை வேகமா முடிச்சிடலாம்மா. ஆனா ஒண்ணு, தொழில்நுட்பம் எங்கயோ போயிடுச்சு. மோட்டாரே இப்ப வேற. மொத்தத்தையும் முதல்ல இருந்து அலசணும்."

"என்னங்க" என்றார் அக்கா. "இருக்கிறதையே ஓட்டினா என்ன?"

மச்சான் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வலியில பேசறா" என்றார் எங்களிடம்.

என் மனைவி எழுந்தாள். நேராக மெஷினிடம் போய், மேலே கிடந்த துண்டை இழுத்தாள். மச்சான் பாய்ந்து வந்து துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு முனையாகக் கொஞ்ச நேரம் நின்றார்கள். சின்ன வயதில் பொம்மைக்கு இப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள்தான் விட்டாள். உள்ளே போய் அக்காவின் புடவைகளை ஒரு பையில் எடுத்துவைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, வாங்க. கை சரியாகிற வரைக்கும் நம்ம வீட்டுல இருங்க."

"அதுவும் நல்ல யோசனைதான்" என்றார் மச்சான். "ஆய்வுக்குக் கொஞ்சம் அமைதி வேணும்."

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் என் மனைவி மெஷினில் எல்லாருடைய துணியையும் போட்டாள். அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி அதன் எதிரே உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் விழும் சத்தம், சுற்றும் சத்தம், பிறகு அந்த ரயில் சத்தம். மெஷின் சுவரை விட்டுக் கிளம்பி அவரைப் பார்த்து நடந்து வந்தது. அக்கா காலை நீட்டி அதைத் தடுத்து நிறுத்தினார். நிறுத்தியவர் சிரிக்க ஆரம்பித்தார். கட்டுப்போட்ட கை குலுங்கும் அளவுக்குச் சிரித்தார்.

"இது ஓடுது" என்றார் என் மனைவியிடம்.

மச்சான் தினமும் எனக்கு ஃபோன் செய்தார். மோட்டாரின் நுட்பங்கள், துரு பிடிக்காத தொட்டி, மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் 'ஞாபகசக்தி'. நான் அவ்வப்போது அக்காவிடம் அறிக்கை கொடுத்தேன்.

"ஆய்வு நல்லாப் போகுது அக்கா."

"போகட்டும் தம்பி" என்பார்.

ஆனால் ஒரு பெரிய ஆய்வாளருக்கும் சட்டை வேண்டியிருக்கிறது. முதலில் அலமாரியில் இருந்த சட்டைகள் தீர்ந்தன. பிறகு எப்போதோ பரிசாக வந்து, அளவு சரியில்லை என்று ஒதுக்கி வைத்த சட்டைகள். அவையும் தீர்ந்ததும், ஏதோ ஒரு சிமெண்ட் கம்பெனி விளம்பரம் போட்ட பனியனோடு இழப்பீட்டுப் பிரிவில் போய் உட்கார்ந்தார். 'இரும்பின் உறுதி' என்று முதுகில் எழுதியிருந்ததாம். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

லாண்டரிக்கும் போய்ப் பார்த்தார். அங்கே துணியைக் கொடுப்பதற்கு முன், என்ன மெஷின், எந்த வருஷம் வாங்கியது, சட்டைப் பித்தான் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று சில அடிப்படைக் கேள்விகள் மட்டும்தான் கேட்டிருக்கிறார். லாண்டரிக்காரர் மூட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வேற கடை பாருங்க சார்" என்றாராம். சேவைத் துறை எவ்வளவு கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் மிகவும் வருத்தப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"போர்வை ரொம்பக் கனமா இருக்கு."

"நனைஞ்சிருக்கும் மச்சான்."

"அதான். நனைஞ்சா இவ்வளவு கனக்கும்னு எந்த இடத்துலயும் போடல." பெருமூச்சு விட்டார். "ரெண்டு சட்டை, ஒரு போர்வை. அவ்வளவுதான் துவைச்சேன். இடுப்பு பிடிச்சிக்கிச்சு. தோள்பட்டை தனியாத் தொங்குது. இதையெல்லாம் ஒரு மனுஷன் வாராவாரம் செய்ய முடியுமா, நீங்களே சொல்லுங்க."

எதிரே அக்கா இடது கையால் நியூஸ்பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேள்வி பொதுவானது என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

"அதனால மாப்ள, தற்போதைய சிறப்புச் சூழ்நிலையைக் கருத்தில் வச்சு, இருக்கிற மெஷினையே இயக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "வாரண்டி?"

"அது என்ன மாப்ள, ஒரு காகிதம்தானே."

வருஷக்கணக்கில் அலசியும் பிடிபடாத உண்மை, ஒரே ஒரு போர்வையைப் பிழிந்ததும் அவருக்குப் பளிச்சென்று பட்டுவிட்டது. மேதைகளுக்கு ஞானம் இப்படித்தான் திடீரென்று வரும் போலிருக்கிறது; இடுப்பு வழியாக.

"இன்னொரு சின்ன விஷயம்" என்று குரலைத் தாழ்த்தினார். "இதை எப்படிப் போடறது?"

"எதை?"

"மெஷினை. எந்தப் பட்டனை அழுத்தணும்?"

மச்சான் என்னைக் கேட்டது நியாயம். என் வீட்டில் எவ்வளவு காலமாக மெஷின் ஓடுகிறது. என் சட்டைகள் அதில்தான் போய் வருகின்றன. "அதுக்குன்னு ஒரு முறை இருக்கு மச்சான். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"மெஷின்ல முதல்ல எதை அழுத்தணும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியாதா?"

"நம்ம மாடல் வேற. அதான் யோசிக்கறேன்."

அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு இடது கையை நீட்டினார். ஃபோனைக் கொடுத்தேன்.

"நான்தான் பேசறேன். முதல்ல பின்னால இருக்கிற குழாயைத் திறங்க. முழுசா. துணியைத் திணிக்காதீங்க, பரவலாப் போடுங்க. இடது பக்கம் சின்ன அறை மாதிரி இருக்கும், பவுடர் அதுல. டப்பா மூடியால ஒரு மூடி போதும். மெஷின் கதவைச் சாத்துங்க. நடுவுல இருக்கிற வட்டத்தை, சட்டைப் படம் போட்டிருக்கிற இடத்துக்குத் திருப்புங்க. கீழ சிவப்புப் பட்டன். அழுத்துங்க."

ஃபோனில் தண்ணீர் விழும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"ஓடுது" என்றது மச்சானின் குரல். "ஏய், ஓடுது."

"ஓடும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்கு எப்படி அண்ணி இவ்வளவும் தெரியும்? ஒரு தடவைகூடத் தொட விட்டதில்லையே" என்றாள் என் மனைவி.

"உறையைத் துவைக்கக் கழட்டுவேன்ல. அது காயற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார் அக்கா.

என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சானின் அறிக்கை வெளியாகிவிட்டது. கூடவே ஒரு படம். வேட்டையாடிய புலியின்மேல் கால் வைப்பவர் மாதிரி, மெஷின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "அன்பு உறவுகளே, நீண்ட கால நேரடி அனுபவத்தின் அடிப்படையில் சொல்கிறேன். இந்த மெஷினைத் தயங்காமல் வாங்கலாம். மெஷின்களை ஓட்டாமல் வைத்திருப்பது தவறு. ஓட்டினால்தான் ஆயுள் கூடும். வீட்டு வேலையில் பெண்களுக்கு ஆண்களும் தோள் கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து."

பாராட்டுகள் குவிந்தன. 'மனைவியைத் தாங்கும் மாமனிதர்' என்றார் ஒரு பெரியப்பா. 'என் வீட்டுக்காரருக்கும் காட்டுகிறேன்' என்று ஓர் அத்தை. அடுத்த குடும்ப விழாவில் மச்சானுக்குச் சால்வை போர்த்தலாம் என்று ஒரு சித்தப்பா முன்மொழிய, பல பேர் கும்பிடும் கைகளைப் போட்டு வழிமொழிந்தார்கள். நானும் ஒரு பூங்கொத்து அனுப்பினேன்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு இடது கை ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரிந்தது. நெகிழ்ச்சியான வரிகளுக்காக மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் வந்தது:

"ஒரு மூடிதான் போடச் சொன்னேன். தரையெல்லாம் நுரை."

கட்டுப் பிரித்த அன்று நாங்களே அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மச்சான் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். வெள்ளை வெளேரென்று சட்டை போட்டிருந்தார். மெஷின்மேல் உறை இல்லை, துண்டு இல்லை. அக்காவைக் கையைப் பிடித்து அதன்முன் அழைத்துப் போய் நிறுத்தினார்.

"இங்க பாரு. இதுதான் குழாய். முழுசாத் திறக்கணும். இந்த வட்டத்தை இப்படித் திருப்பணும். பயப்படாதே, ரெண்டு தடவை பாத்தா உனக்கே வந்திடும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிரித்த கை மெலிந்து வெளிறியிருந்தது. அதை இன்னொரு கையால் தடவிக்கொண்டே கேட்டார்:

"அதே மெஷின்தானே?"

"அதேதான். புதுசு எதுக்கு? இதுவே அருமையா இருக்கு."

"வாரண்டி?"

"அது முடிஞ்சு எவ்வளவு காலமாச்சு."

"அப்ப எப்படி ஓட்டினீங்க?"

"அவசரம்னு வந்தா என்ன பண்றது?"

"யாருக்கு?" என்றார் அக்கா.

கோபமாகக் கேட்கவில்லை. நூலகத்தில், யாருக்கு இந்தப் புத்தகம் என்று கேட்கும் குரல்தான். மச்சான் வாயைத் திறந்தார். மூடினார். மெஷினின் மூடியைத் திறந்தார். அதையும் மூடினார். பிறகு சட்டென்று குனிந்துகொண்டு, "ஃபில்டரை ஒரு தடவை பாத்துடணும். மாப்ள, கொஞ்சம் வந்து பிடிங்க" என்றார்.

கடமை அழைக்கும்போது நான் தயங்குவதில்லை. உடனே போய் அவர் பக்கத்தில் குனிந்துகொண்டேன். என் மனைவி வந்து அக்காவோடு சேர்ந்து நின்றுகொண்டது கால்களைப் பார்த்தே தெரிந்தது.

ஃபில்டர் என்பது உள்ளங்கை அளவு சமாச்சாரம். ஒரு கையால் கழற்றலாம். அன்றைக்குத்தான் கட்டுப் பிரித்த கையாலும் கழற்றலாம். ஆனாலும் அதைச் சரிபார்க்க இரண்டு ஆண்கள் தேவைப்பட்டோம். பின்னால் நிற்கும் இரண்டு பெண்களும் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை சரிபார்ப்பது என்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, நாங்கள் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோம்.

அவர்கள் போகவில்லை.